அத்தியாயம் 7: பையில் இரண்டு ரேடியோ

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று வடக்குப்பட்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தபோது, சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கணித்த கல் கருவிகள் கிடைத்தன. ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. வெளியூர்ச் சரக்கு வந்து சேர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்று இந்த வட்டாரத்திலிருந்து கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைபேசி என்று பலவும் வெளியே போகின்றன. நம் அத்தியாயத்தோடு நேரடித் தொடர்புள்ள சரக்கும் அதில் உண்டு. கைபேசி டவர்களில் ஏற்றப்படும் 4ஜி, 5ஜி ரேடியோ கருவிகளை நோக்கியா ஒரகடத்தில் தயாரிக்கிறது. பெரிய நெட்வொர்க்குகளுக்கான ரூட்டர்களைத் தயாரிப்பதற்காக, ஃபிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சிஸ்கோ 2024 செப்டம்பரில் சென்னைப் பகுதியில் உற்பத்தி தொடங்கியது. ஊர் உலகமெல்லாம் பேசிக்கொள்ள உதவும் கருவிகள் உருவாகும் இடம் இது. ஆனால் இங்கேயுள்ள ஒரு தகர ஷெட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், கையிலுள்ள போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேனில் நான்கு பேர் இங்கே எந்திரம் நிறுவ வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லேப்டாப், நான்கு போன். வழியெல்லாம் வரைபடங்களை இறக்க வேண்டும். ஷெட்டுக்குள் போனதும் எந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்க வேண்டும். இரவு விடுதிக்குத் திரும்பியதும் அன்றைய அறிக்கையை அனுப்ப வேண்டும். இவர்களுடைய பையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி இருக்கும். அதுதான் கையடக்க ரூட்டர்.

அந்தப் பெட்டியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அது சிக்னலைப் பெருக்கித் தரும் என்று நினைக்கிறார்கள். அது எதையும் பெருக்குவதில்லை. சிக்னலை எந்த இடத்தில் நின்று வாங்குவது, எந்த இடத்தில் உட்கார்ந்து பயன்படுத்துவது என்று இரண்டையும் தனித்தனியே முடிவு செய்யும் வசதியை மட்டுமே தருகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் பெட்டி அருமையான கருவி. புரியாதவருக்கு அது பைக்குள் கிடந்து பேட்டரி தீரும் இன்னொரு பொருள்.

டாங்கிள் காலத்திலிருந்து

பயணத்தில் இணையம் என்பது நம்மூரில் முதலில் லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிளாக வந்தது. டாட்டா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் என்ற பெயர்களைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு டாங்கிளுக்கு ஒரு லேப்டாப்தான். அமெரிக்காவின் நோவாடெல் நிறுவனம் 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மைஃபை இந்தக் கட்டை அவிழ்த்தது. டாங்கிளோடு ஒரு பேட்டரியையும் ஒரு வைஃபை ரேடியோவையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் அடைத்தார்கள். கம்பி இல்லாமல் பல கருவிகள் அதோடு பேசின.

இந்தியாவில் இந்தப் பெட்டிக்குப் பெரும் பரவல் 2016இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபோது, அது முழுக்க 4ஜியில் மட்டுமே இயங்கியது. குரல் அழைப்புகூட 4ஜி வழியாகத்தான். அப்போது மக்கள் கையில் இருந்த போன்களில் பெரும்பகுதி 2ஜி, 3ஜி போன்கள். ஜியோஃபை என்ற கையடக்க ரூட்டர் இந்த இடைவெளியில் பாலமானது. பழைய 3ஜி ஸ்மார்ட்போனை அதன் வைஃபையில் இணைத்து, ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால், 4ஜி அழைப்பு பேச முடிந்தது. பிறகு மலிவான 4ஜி போன்கள் வந்தன. போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளும் பழக்கமும் பரவியது. ரூட்டர் பெட்டியின் தேவை குறைந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. ஏன் என்பதற்கு அதன் உள்ளே பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்தால்

பின்மூடியை நகத்தால் நெம்பினால் முதலில் தெரிவது தட்டையான லித்தியம் பேட்டரி. பரவலாக விற்ற ஜியோஃபை மாதிரிகளில் அதன் கொள்ளளவு 2,300 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரியை எடுத்தால் சிம் கார்டு செருகும் இடம் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபை பெயர், கடவுச்சொல், 15 இலக்க ஐஎம்இஐ எண் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். ஐஎம்இஐ எண் இருப்பதிலிருந்தே ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: டவரின் கணக்கில் இந்தப் பெட்டியும் ஒரு கைபேசிதான்.

மின்சுற்றுப் பலகையில் இரண்டு தனித்தனி ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்று டவரோடு பேசும். மற்றது நம் கருவிகளோடு பேசும். நடுவில் ஒரு சிறு கணினி. டவர் பக்கத்திலிருந்து வரும் தரவுப் பொட்டலம் யாருக்குச் சேர வேண்டும் என்று பார்த்து, வைஃபை பக்கம் தள்ளிவிடுவது அதன் வேலை. டவர் பக்க ரேடியோ கிலோமீட்டர் கணக்கில் எட்ட வேண்டும். வைஃபை ரேடியோவுக்குச் சில பத்து மீட்டர் போதும். இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் இந்தக் கருவியின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

போனில் தெரியும் சிக்னல் கோடுகள் தோராயமானவை. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய் ‘சிம் நிலை’ பகுதியைத் திறந்தால் உண்மையான எண் கிடைக்கும். கையடக்க ரூட்டரின் நிர்வாகப் பக்கத்திலும் பெரும்பாலும் அது இருக்கும். மைனஸ் 80, மைனஸ் 110 என்று டிபிஎம் அலகில் எழுதியிருக்கும்.

மைனஸ் 80 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மைனஸ் 110 என்றால் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. எண்ணில் 10 குறைந்தால் திறன் பத்தில் ஒன்றாகிறது. 3 குறைந்தால் பாதியாகிறது. ஆக, 80க்கும் 110க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். 4ஜியில் மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115க்குக் கீழே போனால் இணைப்பு ஊசலாடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டவரின் ரேடியோ பல பத்து வாட் திறனில் பேசும். நம் பெட்டியோ அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். டவர் சொல்வது நமக்குத் தெளிவாகக் கேட்கும்போதே நாம் சொல்வது டவருக்குக் கேட்காமல் போகலாம். வீடியோ கூட்டத்தில் எதிராளியின் முகமும் குரலும் பளிச்சென்று வந்துகொண்டிருக்க, “சார், உங்க குரல் விட்டு விட்டுக் கேக்குது” என்று அவர் சொல்வதற்கு இதுவே வழக்கமான காரணம். இந்த நிலையில் பெட்டி தன் முழுத் திறனையும் போட்டுக் கத்துகிறது. அதனால்தான் சிக்னல் மோசமான இடத்தில் ரூட்டர் சுடுகிறது, பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது.

தகடு, கண்ணாடி, உடம்பு

ரேடியோ அலையின் நீளம் அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தது. இந்திய 4ஜியில் 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். 1800க்குச் சுமார் 17. 2300க்குச் சுமார் 13. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3,500ஐ ஒட்டிய பட்டையில் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளமான அலை தூரம் போகும், சுவர் வழியாகவும் ஓரளவு நுழையும். குட்டையான அலை நிறையத் தரவைச் சுமக்கும், ஆனால் தடைகளில் சீக்கிரம் தளரும். டவர் அருகே வேகம் பிரமாதமாகவும், கொஞ்சம் தள்ளிப் போனதும் மந்தமாகவும் இருப்பதற்கு ரூட்டர் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் ஒரு காரணம்.

இரும்புத் தகட்டுக்கு முன்னால் இந்த வேறுபாடெல்லாம் செல்லாது. ஒரகடம், வல்லம் வடகால், வடக்குப்பட்டுப் பக்கம் எழும்பியிருக்கும் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பெரும்பாலும் எஃகுச் சட்டத்தில் வண்ணத் தகடு போர்த்திய ஷெட்கள். கூரைத் தகட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ரேடியோ அலை எஃகில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு ஆழம் போவதற்குள்ளேயே அடங்கிவிடும். மின்கடத்தியால் சூழப்பட்ட வெளிக்குள் வெளியிலுள்ள மின்புலம் நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் காட்டினார். ஷெட் ஏறக்குறைய ஒரு ஃபாரடே கூண்டு. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், அதில் திறப்புகள் உண்டு. ஷட்டர் கதவு, அலுவலக அறையின் கண்ணாடி, பகல் வெளிச்சத்துக்காகக் கூரையில் நடுநடுவே பதிக்கும் கண்ணாடியிழைத் தகடுகள். உலோகம் இல்லாத எல்லாம் அலைக்கு வாசல்தான்.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றில்லை. சாதாரணக் கண்ணாடி அலையை லேசாகத்தான் குறைக்கும். வெயிலைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி 20 முதல் 30 டெசிபல் வரை விழுங்கும், அதாவது நூறு முதல் ஆயிரம் மடங்கு. புதிய அலுவலகக் கட்டடங்களிலும் சில குளிர்சாதன வண்டிகளிலும் ஜன்னலோரத்திலேயே சிக்னல் இல்லாமல் போவது இதனால்தான்.

மனித உடம்பும் தடைதான். நம்மில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். நெரிசலான பேருந்தில் நாலு பேருக்கு நடுவே காலடியில் வைத்த பைக்குள், எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கும் லேப்டாப்பின் உலோக உடலுக்கும் இடையே ரூட்டர் கிடந்தால், அதற்கு டவர் தெரியவே தெரியாது.

கதவோரம் வைத்தால் என்ன ஆகும்

நம் நால்வரிடம் வருவோம். எந்திரம் ஷெட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே போனில் மைனஸ் 115. ஷட்டர் கதவு 20 மீட்டர் தள்ளி. கதவோரத்தில் மைனஸ் 90. வித்தியாசம் 25 டெசிபல், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். ஒருவர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எந்திரத்தின் பக்கத்தில் நின்றால், டவர் பக்க ரேடியோவும் அந்த மைனஸ் 115இலேயே தவிக்கும்.

இப்போது ரூட்டரைக் கதவோரம், தரையிலிருந்து ஆள் உயரத்தில், ஒரு பவர் பேங்கோடு வைக்கிறார்கள். டவர் பக்கம் மைனஸ் 90 ஆகிவிட்டது. வைஃபை பக்கம் என்ன ஆகும்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை திறந்த வெளியில் 20 மீட்டர் கடந்தால் சுமார் 66 டெசிபல் இழக்கும். ரூட்டர் 16 டிபிஎம் திறனில் அனுப்பினால் லேப்டாப்புக்கு மைனஸ் 50 வந்து சேரும். வைஃபைக்கு மைனஸ் 70 இருந்தாலே தாராளம். எந்திரங்களும் தூண்களும் இன்னும் கொஞ்சம் தின்றாலும் கையில் உபரி இருக்கிறது. உபரியுள்ள பக்கத்திலிருந்து எடுத்து, பற்றாக்குறையுள்ள பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரூட்டரை நகர்த்தியதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை.

பேருந்திலும் இதே கணக்குதான். ஜன்னல் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, டவர் இருக்கும் பக்கமாக ரூட்டர் இருக்கட்டும். ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். விடுதி அறையில் ஜன்னல் திட்டு. அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ வைக்கக்கூடாது. ஓரிரு அடி நகர்த்தினாலும் எண் மாறும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடி வலுக்கின்றன, கால் அலைநீளம் தள்ளினாலே ஒன்றையொன்று அழிக்கக்கூடும். எண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்துவதுதான் சரியான முறை.

வண்டி ஓடும்போது

வேகமாகப் போனால் இணைப்பு அறுந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரயில் நெருங்கும்போது ஹாரன் சுருதி ஏறிக் கேட்பதுபோல ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் வேகத்தால் மாறும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்தது அதுதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வேனில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்த மாற்றம் சுமார் 133 ஹெர்ட்ஸ். 4ஜியில் அடுத்தடுத்த துணை அலைகளுக்கு இடைவெளி 15,000 ஹெர்ட்ஸ். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பிசகை ரூட்டர் தானே திருத்திக்கொள்ளும். மணிக்கு 350 கிலோமீட்டர் ரயிலையும் மனத்தில் வைத்து வடிவமைத்த தொழில்நுட்பம் அது. பெங்களூரு நெடுஞ்சாலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தொல்லை தருவது டவர் மாற்றம். ஓடும் ரூட்டர் பக்கத்து டவர்களின் வலுவை விடாமல் அளந்து, இருக்கும் டவருக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். அடுத்த டவர் போதிய அளவு வலுத்ததும் இணைப்பு அங்கே கைமாறும். இது நூறில் சில பங்கு நொடியில் முடிந்துவிடும், நமக்குத் தெரியாது. அடுத்த டவரில் இடமில்லாவிட்டாலோ, நடுவில் டவரே இல்லாவிட்டாலோதான் அறுந்துபோகும். ஆகவே பயணத்தில் கோப்புகளைக் கிளம்புமுன்பே இறக்கி வைத்துக்கொள்வதும், நேரலைக் கூட்டங்களை வண்டி நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஷிப்ட் முடியும் நேரம்

சிக்னல் மைனஸ் 75 காட்டும், இணையம் மட்டும் நகராது. இதையும் இந்த வட்டாரத்தில் நன்றாகப் பார்க்கலாம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் திரும்பியதும் வீட்டுக்கு வீடியோ அழைப்பு, பாட்டு, படம் என்று ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் உயிர்பெறும் இடம்.

ரூட்டர் பெட்டியில் அச்சிட்ட நொடிக்கு 150 மெகாபிட் என்ற வேகம், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைவழி முழுவதையும் நீங்கள் ஒருவரே பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய உச்சம். அதையே 200 பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு முக்கால் மெகாபிட்டுக்கு மேல் தேறாது. எத்தனை விலை உயர்ந்த ரூட்டரும் இதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வேறு நிறுவனத்தின் சிம். போனில் ஒரு நிறுவனம், ரூட்டரில் இன்னொரு நிறுவனம் என்று வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று திணறும்போது மற்றது கைகொடுக்கும். தனி ரூட்டரின் உருப்படியான பயன்களில் இது முக்கியமானது.

வைஃபை பக்கம்

வைஃபைக்கான முதல் உலகத் தரம் 1997இல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பரந்த பகுதி 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் பைக்கும் ஒரு வைஃபை ரேடியோ வந்து சேர்ந்ததற்கு இந்த அரசாணைகள் அடித்தளம்.

2.4இல் வழித்தடங்கள் நெருக்கமானவை. ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பார்கோடு ஸ்கேனர் எல்லாம் அதே பட்டையில்தான் இரைச்சல் போடுகின்றன. தொழிற்கூடத்திலும் விடுதியிலும் 2.4 நெரிசலாகவே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது 5க்கு மாற்றுங்கள். ரூட்டர் கதவோரத்திலும் நீங்கள் தொலைவிலும் இருந்தால் 2.4 நல்லது. அதற்கடுத்த 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்காக 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகளில், அதைக் கார், ரயில் போன்ற ஓடும் வண்டிகளில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புதிய ரூட்டர் வாங்கும்போது 6 கிகாஹெர்ட்ஸ் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பயணத்துக்கென்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே முகவரி

நால்வரின் ஏழு கருவிகளும் வெளி உலகுக்கு ஒரே கருவியாகத் தெரியும். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபி பதிப்பு 4இல் உள்ள முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்திலுள்ள கருவிகளுக்கு அது போதாது. 1994இல் முன்மொழியப்பட்ட முகவரி மாற்று முறை இந்தப் பஞ்சத்தைச் சமாளித்தது. ஒரு பெரிய விடுதிக்கு வெளியே ஒரே கதவு எண்தான் இருக்கும். வரும் பார்சலை வாங்கி, எந்த அறைக்காரர் கேட்டது என்று தன் நோட்டில் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர் வாசலில் இருக்கும் காவலர். ரூட்டர் செய்வது அதே வேலை. உள்ளே 192.168 என்று தொடங்கும் அறை எண்கள், வெளியே ஒரே எண்.

கைபேசி நிறுவனங்கள் அதையும் தாண்டி, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குள் அடக்குகின்றன. நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் கருவிக்குள் வர முடியாது. கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து வடக்குப்பட்டு எந்திரத்துக்குள் நேரடியாக நுழைய முயன்றால் முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. எந்திரத்தின் பக்கமிருந்து விபிஎன் எனும் தனிவழி இணைப்பைத் தொடங்குவதுதான் வழி.

பூட்டும் சாவியும்

ரயில் நிலையத்திலும் விடுதியிலும் கிடைக்கும் பொது வைஃபையைவிட, சொந்த ரூட்டர் பாதுகாப்பில் ஒரு படி மேல். அதே பெயரில் போலி வைஃபை வைத்து ஆளைச் சிக்கவைக்கும் ஏமாற்று வேலைக்கு இதில் இடம் குறைவு. ஆனால் இரண்டு காரியங்களை முதல் நாளே செய்ய வேண்டும். ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வைஃபை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிர்வாகக் கடவுச்சொல் ஒரே மாதிரியின் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். வைஃபையில் சேர அனுமதித்த யாரும் அதை வைத்து அமைப்புகளைக் கலைத்துவிடலாம். டபிள்யூபிஏ-3 பூட்டு முறை இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ-2ஐயும் தேர்ந்தெடுங்கள்.

தொழிற்கூடத்துக்குள் போகும்போது இன்னொரு கடமையும் உண்டு. ரூட்டரை வாயிலிலேயே காட்டி, அனுமதி வாங்கிவிடுங்கள். பல ஆலைகளில் வெளியார் சொந்த வைஃபை போடத் தடை இருக்கிறது. ஆலையின் கணினியைத் தெரியாமல் உங்கள் ரூட்டரில் இணைத்தால், அவர்கள் பாடுபட்டுக் கட்டிய பாதுகாப்பு வேலியில் நீங்கள் ஓட்டை போட்டவராவீர்கள்.

வெப்பமும் பேட்டரியும்

2,300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்கும் ஆற்றல் சுமார் எட்டரை வாட் மணி. 10,000 என்று எழுதிய பவர் பேங்கில் சுமார் 37 வாட் மணி. விமானத்தில் 100 வாட் மணி வரையிலான பவர் பேங்குகளைக் கைப்பையில் எடுத்துப் போகலாம், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

லித்தியம் பேட்டரியின் பகைவன் வெப்பம். 45 டிகிரிக்கு மேல் அதை மின்னேற்றுவது கேடு. மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்கண்ணாடி அடியில் 60 டிகிரியைத் தாண்டும். சிக்னலுக்காக ஜன்னலோரம் வையுங்கள் என்று சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறேன்: வெயில் நேராக விழாத ஜன்னலாக இருக்கட்டும், வண்டியை விட்டு இறங்கும்போது ரூட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

வாங்கலாமா?

தனியாகப் பயணம் செய்பவர், ஒரு போனும் ஒரு லேப்டாப்பும் வைத்திருப்பவர், நகரத்துக்குள்ளேயே சுற்றுபவர் என்றால் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கலாம். குழுவாகச் செல்பவர்கள், தகரக் கூரைக்கு அடியில் வேலை பார்ப்பவர்கள், ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர்கள், போன் அழைப்பு வந்தாலும் வேலை தடைபடக்கூடாது என்பவர்கள் தனி ரூட்டர் வைத்துக்கொள்வது நியாயம். வாங்கும்போது வேக எண்ணைப் பார்க்காமல், 850, 1800, 2300 ஆகிய மூன்று பட்டைகளிலும் இயங்குமா, யுஎஸ்பி மின்சாரத்தில் விடாமல் ஓடுமா, நிர்வாகப் பக்கம் சிக்னல் எண்ணைக் காட்டுமா என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு முதல் வேலையாக அதை உங்கள் வீட்டிலேயே அறை அறையாக வைத்து அந்த எண்ணைக் குறித்துப் பாருங்கள். எந்தச் சுவர் எவ்வளவு தின்கிறது, எந்த ஜன்னல் எவ்வளவு கொடுக்கிறது என்று அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். அந்த அறிவு கையில் இருந்தால், முன்பின் தெரியாத ஊரின் ஷெட்டிலும் ரூட்டருக்குரிய இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.